எதற்கு நூற்று எண்பது?

அத்தியாயம் 11

மெஷின் நின்றது.

நிறுத்தியது அண்ணன் இல்லை. ஓடிக்கொண்டிருந்த வெட்டு இயந்திரத்தின் சிவப்புப் பொத்தான்மேல் தங்கையின் விரல் இருந்தது. பாதி வெட்டிய அக்ரிலிக் தகடு பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

"கையை எடு," என்றான் அண்ணன்.

"எதுக்கு நூத்தி எண்பதுன்னு சொல்லு. எடுக்கறேன்."

போன வாரம் அண்ணன் தொலைபேசியில் ஒற்றை வார்த்தை சொன்னானே, அதன் பலன் இது. மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி கேட்டார்: நூற்று எண்பது வழிகாட்டிப் பலகைகள், இருபத்தொரு நாள், முடியுமா? அண்ணன் சொன்னான்: "ஆகட்டும் மேடம்."

பலகை எழுதும் தொழிலில் பதினைந்து வருடம். இந்த ஒரு பதிலைத் தவிர வேறு பதில் அவன் வாயிலிருந்து வந்ததாக யாருக்கும் நினைவில்லை. வாடிக்கையாளர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயரே 'ஆகட்டும்' என்பதுதான். தங்கைக்கு அவன் வைத்த பெயர் 'கேள்விக்குறி'. பட்டறை இருவருக்கும் சரிபாதி.

சென்ற வருடம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாற்பது பலகை என்று ஆரம்பித்த வேலை, "இதையும் சேர்த்துப் போட்டுடுங்களேன்" என்று வாரம் ஒரு வாலாக நீண்டு, விளையாட்டுத் திடலுக்குக் கோடு போடுவதுவரை போய், ஏழு மாதம் தின்றது. பள்ளிக்கூடத்தைக் கேட்டால் வேலை இன்னும் முடியவில்லை என்பார்கள். முடிவு எங்கே என்று முதல் நாள் யாரும் சொல்லவில்லையே. அன்றைக்குத் தங்கை சொன்னாள்: இன்னொரு தடவை எங்கே முடியும் என்று தெரியாத வேலையை எடுத்தால், நான் பட்டறையை விட்டுப் போகிறேன்.

இன்று மாலை நாலு மணிக்கு மருத்துவமனையில் கையெழுத்து.

"அவங்க போர்டு கேட்டாங்க. நாம போர்டு செய்யறோம். இதுல எதுக்குன்னு என்ன கேள்வி?" அண்ணன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். "தையல்காரர் சட்டை எதுக்குன்னு கேட்பாரா?"

"கேட்பார். கல்யாணத்துக்கா, ஆபீஸுக்கான்னு கேட்பார்."

மூலை மேசையில் ஸ்டிக்கர் எழுத்துகளைச் சுற்றியிருந்த உபரித் தாளை உரித்துக்கொண்டிருந்த அண்ணி, சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"நீ எந்தப் பக்கம்?" அண்ணன் அவளைப் பார்த்தான்.

"நான் உரிக்கற பக்கம்ங்க. நீங்க பேசுங்க."

"அறுபது போர்டு வெட்டி எழுதியும் ஆச்சு," என்றான் அண்ணன், தங்கையின் பக்கம் திரும்பாமல்.

"கையெழுத்தே ஆகலையே."

"அதான் சங்கதி. கையெழுத்துக்கு முன்னாடியே அறுபதைக் கொண்டுபோய் இறக்கினா, அந்தம்மா அசந்துடுவாங்க."

தங்கை கண்ணை மூடித் திறந்தாள். கத்தினால் அவன் இன்னும் பத்து வெட்டுவான். அவளுக்குத் தெரியும்.

"நாலு மணி வரைக்கும் எனக்குக் கொடு அண்ணா. மெஷின் ஓட வேண்டாம். நான் ஒரு தாள் கொண்டு வர்றேன். ஒரே ஒரு தாள். அவங்க அதுல கையெழுத்துப் போட்டா அதன்படி செய்வோம். போடலைன்னா நூத்தி எண்பதையும் நீயே செய். நான் கிளம்பிடறேன்."

"எங்க கிளம்புவே?"

"அதுக்கும் தனியா ஒரு தாள் இருக்கு."

அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். மணி ஒன்பதே முக்கால். பிறகு மெஷினின் மின் சுவிட்சை அணைத்தவன் அவன்தான்.

"எனக்கு ஒரு ஆள் வேணும்," என்றாள் தங்கை. "அந்தக் கட்டடத்துக்குள்ள நடந்து பார்க்க. அளவெடுக்க மூணு தடவை போயிட்டு வந்ததுல எனக்கு வழி பழகிப்போச்சு. வழி தெரிஞ்சவ நடந்து என்ன பிரயோஜனம்?"

"நான் வர்றேன்," என்றாள் அண்ணி.

அண்ணன் அன்று காலை முதல்முறையாகச் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? பக்கத்துத் தெருவில் குடையைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், ஒரு மணி நேரம் கழித்து வேறு யாருடைய குடையோடோ வந்து நின்ற கதை குடும்பத்தில் பிரசித்தம். மாமனார் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் எழுபத்திரண்டு நிறுத்தங்களையும் வரிசையாக ஒப்பிப்பார். மருமகளுக்கு வீட்டு மாடிப்படியிலேயே ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று சந்தேகம் வரும் என்பது அண்ணனின் நிரந்தரக் கேலி.

"பத்து வருஷமா இதை வச்சே சிரிச்சாச்சு," அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இன்னைக்காவது அதுக்கு ஒரு வேலை கொடுங்க."

மாடியில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அப்பா. பதினோரு வருடமாக அண்ணன் அவரோடு பேசுவதில்லை. அம்மாவுக்கு ஆபத்து என்று பணிமனைக்குத் தகவல் போன அன்று, பேருந்தின் கடைசி ட்ரிப்பை முடித்துவிட்டுத்தான், அவள் சேர்க்கப்பட்டிருந்த வேறொரு மருத்துவமனைக்கு வந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து எந்த மருத்துவமனை வாசலையும் அவர் மிதித்ததில்லை. அவருக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவர்தான் வீட்டுக்கு வரவேண்டும்.

"உன் மாமனார்கிட்ட சொல்லு, சாப்பாடு மேசையில இருக்குன்னு," என்றான் அண்ணன், மாடியைப் பார்க்காமலே.

பதினோரு வருடமாக இப்படித்தான். செய்தி போகும். ஆள் போகமாட்டான்.

*

பதினொன்று பத்து. மருத்துவமனையின் பிரதான வாசல்.

நிர்வாக அதிகாரியிடம் தங்கை தொலைபேசியில் அனுமதி வாங்கியிருந்தாள். சுற்றிப் பாருங்கள், நோயாளிகளுக்கு இடைஞ்சல் வேண்டாம், நாலு மணிக்கு வாருங்கள் என்று மூன்றே வாக்கியம். மாதிரிக்கு ஒரு நோயாளிச் சீட்டும் வாசலில் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

"விதி இதுதான் அண்ணி. ஸ்கேன் எடுக்கப் போறீங்க. கையில இந்தச் சீட்டு. யாரையும் கேட்கக் கூடாது. நான் பத்தடி பின்னாடி வருவேன். நீங்க கிணத்துல விழுந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன்."

"உள்ள கிணறு வேற இருக்கா?"

அண்ணி சீட்டைப் படித்தாள். 'இமேஜிங், சி பிளாக்.' நடந்தாள்.

முதல் சந்திப்பில் நின்றாள். ஒரே சுவரில் பதினான்கு பலகைகள். நீலம், பச்சை, ஒரு துருப்பிடித்த மஞ்சள். விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தாள். எதிலும் இமேஜிங் இல்லை. கடைசியில் ஓர் அம்புக்குறியின் பேச்சைக் கேட்டு இடது பக்கம் திரும்பினாள்.

தங்கை குறிப்பேட்டில் எழுதினாள்: நின்ற இடம் ஒன்று. இரண்டரை நிமிடம்.

இரண்டாவது சந்திப்பில், காலில் கட்டுப் போட்ட ஒருவர் சக்கர நாற்காலியிலிருந்து அண்ணியிடமே வழி கேட்டார். "வாங்க, சேர்ந்தே தொலைவோம்," என்றாள் அண்ணி. அவர் சிரித்துவிட்டு வேறு பக்கம் உருண்டார்.

படி ஏறினாள். இறங்கினாள். 'கதிரியக்கப் பிரிவு' என்று எழுதிய கதவின் முன்னால் நடந்து போனாள். கால் மணி நேரம் கழித்து அதே கதவின் முன்னால் மறுபடி நடந்து போனாள். தங்கை நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதுதான் ஸ்கேன் எடுக்கும் இடம்.

முப்பத்து நான்காவது நிமிடம், அண்ணி ஒரு கனமான கதவைத் தள்ளினாள். வெந்நீர் ஆவி முகத்தில் அடித்தது. மலை மலையாகப் படுக்கை விரிப்புகள். மடித்துக்கொண்டிருந்த சலவைக்காரர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"ஸ்கேனா? உட்காருங்கம்மா. மூச்சு வாங்கிட்டுப் போங்க."

கதவோரம் ஒரு பழைய மர நாற்காலி. மேலே மடித்த விரிப்பு ஒன்று மெத்தையாகப் போட்டிருந்தது.

"எப்படித் தெரியும் ஸ்கேனுன்னு?" அண்ணி உட்கார்ந்தேவிட்டாள்.

"தினமும் நாலஞ்சு பேர் இங்கதான் வந்து சேருவாங்க. வயசானவங்க, வயித்துல பிள்ளையோட இருக்கறவங்க. நின்னுக்கிட்டே அழுவாங்க. பார்க்கச் சகிக்கலை. அதான் நாற்காலி போட்டுட்டேன்."

தங்கையின் பேனா நின்றது.

சலவைக்காரர் வழி சொன்னபிறகு ஏழு நிமிடத்தில் அண்ணி சரியான கதவின் முன் நின்றாள். மொத்தம் நாற்பத்தொரு நிமிடம். வாசலிலிருந்து நேராக வந்தால் ஆறு.

"இதை ரெண்டு தடவை தாண்டிப் போனேனே." அண்ணி பலகையை முறைத்தாள். "சீட்டுல இமேஜிங். இங்க கதிரியக்கம். ஊர்ல எல்லாரும் ஸ்கேன் ரூம். இது மூணும் ஒண்ணுன்னு எனக்கு யார் சொன்னா?"

தங்கை மருத்துவமனை அனுப்பிய பட்டியலைப் பிரித்தாள். முப்பத்தேழாவது வரி: 'ஊடுகதிர்த் துறை – 9 பலகைகள்.' நாலாவது பெயர்.

நூற்று எண்பது பலகையும் ஒழுங்காகச் செய்து, நேராக மாட்டி, நன்றி வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள். சலவைக்காரர் இன்னொரு நாற்காலி வாங்கியிருப்பார்.

"இன்னொரு தடவை நடக்கணுமா?" என்றாள் அண்ணி.

"முடியாதே. உங்களுக்கு இப்ப வழி தெரிஞ்சுபோச்சு."

"வாழ்க்கையில முதல் தடவையா ஒரு இடத்துக்கு வழி கத்துக்கிட்டேன். அதுக்குள்ள வேலையை விட்டுத் தூக்கிட்டே."

*

தாளை எழுத வேறு இடம் கிடைக்கவில்லை. சலவைக்காரரிடம் கேட்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள் தங்கை.

முதல் வரி: 'புதிய பலகைகள் செய்து தருதல்.' அடித்தாள். 'மருத்துவமனையை அழகாக...' அடித்தாள். அண்ணி கொண்டுவந்திருந்த டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்துவிட்டாள். தங்கையின் பங்கு ஆறிப்போனது.

"ஒரு வரிக்கா இவ்வளவு நேரம்?"

"இது வந்துட்டா மத்ததெல்லாம் இது பின்னாடி வந்துடும் அண்ணி. இது வரலைன்னா எல்லாம் பள்ளிக்கூட வேலைதான்."

"நான் எதுக்கு நடந்தேனோ அதை எழுதேன்."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அடித்தல் இல்லாமல் எழுதினாள்.

'முதல்முறை வருபவர், கையில் சீட்டோடு, யாரையும் கேட்காமல், தான் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவேண்டும். இந்த வேலை இதற்காக.'

அதன் பின் பேனா ஓடியது. வேலை முடிந்தது என்று எப்படித் தெரியும்: கட்டடத்தை அறியாத பத்துப் பேர் நடந்து, ஒன்பது பேராவது எட்டு நிமிடத்துக்குள் சேர்ந்தால். என்ன ஒப்படைப்போம்: ஓர் இடத்துக்கு ஒரே பெயர் என்ற பட்டியல், அதே பெயரில் சீட்டின் புதிய மாதிரி, பழைய பலகைகளைக் கழற்றுவது, புதியவற்றை மாட்டுவது. பலகை எத்தனை என்ற இடத்தில் கோடு மட்டும் போட்டாள். ஒவ்வொரு சந்திப்பையும் நடந்து பார்த்து ஐந்தாம் நாள் நிரப்பவேண்டியது. எது எங்கள் வேலை இல்லை என்பதற்கும் தாளில் இடம் விட்டாள். பெயர் விஷயத்தில் கடைசி முடிவு சொல்பவர் ஒரே ஒருவர்: நிர்வாக அதிகாரி.

தாளின் கடைசி வரியில் 'நாள் 21' என்று எழுதி முடித்தபோது மணி மூன்றரை.

*

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். வேனில் அறுபது பலகைகள் அடுக்கிக் கட்டியிருந்தன. எல்லாவற்றிலும் வழவழவென்று, பட்டியலில் இருந்த அந்த நாலாவது வகைப் பெயர்கள்.

நிர்வாக அதிகாரி தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நான் கேட்டது நூத்தி எண்பது. இதுல எண்ணே இல்லையே."

அண்ணன் முன்னால் நகர்ந்தான். "அது ஒண்ணும் இல்லை மேடம், நாங்க..."

"நூத்தி எண்பது எப்படி மேடம் வந்துச்சு?" தங்கை கேட்டாள்.

"ஒவ்வொரு துறையையும் எத்தனை வேணும்னு கேட்டேன். சொன்னாங்க. கூட்டினேன்."

"போர்டை மாத்தணும்னு உங்களுக்கு முதல்ல எப்பத் தோணுச்சு?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"மூணு மாசம் முன்னாடி. ஒரு தாய், மூச்சுத் திணறற குழந்தையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க. அவசரப் பிரிவு அவங்களுக்கு வலது பக்கம் இருபதடி. அவங்க இடது பக்கம் ஓடிட்டாங்க. இருபது நிமிஷம் ஓடியிருக்காங்க. குழந்தை பிழைச்சுது. அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும்."

"இது எங்களுக்கு வந்த கடிதத்துல இல்லையே."

"கொள்முதல் படிவத்துல பொருள்னு ஒரு கட்டம் இருக்கு, எண்ணிக்கைன்னு ஒரு கட்டம் இருக்கு." அவர் மெல்லச் சொன்னார். "எதுக்குன்னு கட்டம் இல்லைம்மா."

தங்கை நாற்பத்தொரு நிமிடத்தைச் சொன்னாள். நாற்காலியைச் சொன்னாள்.

"சலவைக் கூடத்துல நாற்காலியா?"

"வந்து பாருங்க மேடம்," என்றாள் அண்ணி. "எனக்கு இப்ப வழி தெரியும்."

நால்வரும் போனார்கள். அண்ணி முன்னால் நடந்தாள், ஒரு திருப்பத்திலும் தயங்காமல். அண்ணன் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தான்.

கனமான கதவைத் திறந்தார்கள். நாற்காலி காலியாக இல்லை. ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். கையில் கசங்கிய சீட்டு. இவர்களைப் பார்த்ததும் தப்புச் செய்தவர்போல் எழுந்துகொண்டார்.

"மன்னிச்சுக்கோங்க. இதோ போயிடறேன். எந்தப் பக்கம்னுதான்..."

நிர்வாக அதிகாரி முதியவரின் கையைப் பிடித்துத் தானே அழைத்துக்கொண்டு நடந்தார்.

அறைக்குத் திரும்பியதும் பேனாவைத் திறந்தார். பேனா தாளைத் தொடும் முன் நிமிர்ந்தார்.

"அப்படியே, குழந்தைகள் வார்டு சுவர்ல ரெண்டு படம், வாகனம் நிறுத்தற இடத்துல கோடு. இதோட சேர்த்துக்கலாமே? வந்ததுதான் வர்றீங்க."

"ஆக..." என்று ஆரம்பித்தான் அண்ணன்.

தங்கை அவனைப் பார்க்கவில்லை. தன் நகத்தைப் பார்த்தாள்.

பதினைந்து வருடப் பழக்கம் அண்ணனின் தொண்டைக்குழியில் ஏறி இறங்குவது வெளியே தெரிந்தது. அவன் ஒருமுறை கதவுப் பக்கம் பார்த்தான், அந்த முதியவர் இன்னும் அங்கே நிற்பதுபோல.

"அது இந்தத் தாள்ல இல்லை மேடம்," என்றான். "இது முடியட்டும். அதுக்குத் தனியா ஒரு தாள் போடுவோம்."

அண்ணி அவனை, புதிதாகப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அதிகாரி சிரித்தார். 'எங்கள் வேலை இல்லை' என்ற இடத்தில் சுவர்ப் படத்தையும் கோட்டையும் தானே எழுதினார். பிறகு கீழே, தன் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்த்துவிட்டுத்தான் கையொப்பமிட்டார்.

"என் பங்குக்கு ஒரு நிபந்தனை. நடக்கப் போற பத்துப் பேர்ல முதல் ஆள் உங்க வீட்டு ஆளா இருக்கணும். இந்தக் கட்டடத்துல காலே வைக்காதவரா இருக்கணும். உங்க சொந்த மனுஷரை நம்பி அனுப்புவீங்கன்னா, நானும் நோயாளிங்களை நம்பி அனுப்புவேன்."

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. வீட்டில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் மிச்சம்.

வேனில் ஏறியபோது அறுபது பலகைகளையும் பார்த்துத் தங்கை வாயைத் திறந்தாள்.

"பேசாதே," என்றான் அண்ணன். "பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. திருப்பி எழுதிக்கறேன்."

*

மணி ஆறு ஆகவில்லை. பட்டறைக்குள் வெயில் இன்னும் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. அண்ணன் பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தான். தங்கை தாளை மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பியபோது அப்பா மாடியிலிருந்து இறங்கிவந்து அதைப் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் வரியை அவர் நெடுநேரம் படித்தார். பிறகு கடைசி வரிக்குப் போனார்.

"ஏம்மா," என்றார் அண்ணியிடம். "இந்தக் காலே வைக்காத ஆள், நான்தானே?"

"உங்களை யாரும் கட்டாயப்படுத்தலை மாமா. வேற யாராவது சொந்தக்காரங்களை..."

"நான் நடக்கறேன்."

அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டே பலகையை அடுக்கினான். மனைவியிடம் சொல்வதுபோல் சொன்னான்: "கடைசி ட்ரிப்பை முடிச்சுட்டு வருவாரான்னு கேளு."

அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நான் ட்ரிப்பை முடிக்கலை," என்றார்.

தங்கை மேசைப் பக்கம் வந்தாள்.

"பாதி வழியிலேயே மாத்து டிரைவர்கிட்ட வண்டியைக் கொடுத்துட்டு ஓடினேன். நாலே காலுக்கெல்லாம் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னேன்."

"அம்மா போனது அஞ்சு மணிக்கு," என்றாள் தங்கை.

"முக்கால் மணி நேரம் உள்ளேதான் இருந்தேன். படி ஏறினேன், இறங்கினேன். எந்தக் கதவைத் திறந்தாலும் வேற யாரோ படுத்திருந்தாங்க." அவர் தாளின் முதல் வரிமேல் விரலை வைத்திருந்தார். "முப்பது வருஷம் ஒரு திருப்பம் தப்பாம ஓட்டினவன். பொண்டாட்டி படுத்திருக்கற அறைக்கு வழி தெரியலைன்னு யார்கிட்ட சொல்வேன்? ட்ரிப்பை முடிச்சுட்டு வந்தேன்னு சொல்லிட்டேன். சொல்ல அது சுலபமா இருந்துச்சு."

பலகை ஒன்று தரையில் விழுந்து சுழன்று அடங்கியது.

அண்ணன் திரும்பினான். அண்ணியைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்க்கவில்லை. நேராக வந்து மேசைக்கு எதிரே நின்றான். பதினோரு வருடத்தில் அப்பாவிடம் அவன் பேசிய முதல் வார்த்தை ஒரு தொழில்காரனின் கேள்வியாக இருந்தது.

"எந்த வாசல் வழியா நுழைஞ்சீங்க?"

அப்பா அவனை நிமிர்ந்து பார்த்தார். மேசையில் கிடந்த அக்ரிலிக் வெட்டுத் துண்டு ஒன்றை இழுத்துக்கொண்டார். தங்கையின் பேனாவை வாங்கி ஒரு வாசலை வரைந்தார். அதிலிருந்து நேராக ஒரு கோடு. கோடு கொஞ்ச தூரம் போய், இடது பக்கம் திரும்பியது.

அங்கே பேனா நின்றது.